டெக்சஸ் சிற்றூர்ப் பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பது: எந்தப் படிவம், எந்தத் தேதி, எவ்வளவு பணம்

2023 கோடையில் என் வீட்டுக்காரருக்குக் காற்றாலைப் பராமரிப்பில் வேலை மாறி, மேற்கு டெக்சஸுக்கு வந்தோம். பக்கத்துப் பெரிய ஊர் என்றால் லபக். அதற்கே காரில் ஒன்றரை மணி நேரம். சுற்றிலும் பருத்திக் காடு, ஊருக்கு நடுவில் ஒரே பள்ளிக்கூடம். பாலர் வகுப்பிலிருந்து 12-ஆம் வகுப்பு வரை எல்லாரும் சேர்ந்தே 180 சொச்சம் பிள்ளைகள்தான். அந்த ஒரு பள்ளிதான் முழு ஸ்கூல் டிஸ்ட்ரிக்டும், அதாவது பொதுப்பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகப் பகுதியும்.

டாலஸ், ஹூஸ்டன் பக்கம் இருக்கும் நண்பர்களிடம் கேட்டுக்கேட்டுத்தான் மகளைச் சேர்த்தேன். அவர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள், ஆனால் பாதி யோசனை இங்கே பொருந்தவில்லை. அங்கே ஒரு டிஸ்ட்ரிக்டில் பல்லாயிரம் பிள்ளைகள். இங்கே நீங்கள் ஒரு கட்டத்தில் தவறாக டிக் அடித்தால், அது உங்கள் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய உதவியையும் பள்ளிக்கு வர வேண்டிய பணத்தையும் நேராகப் பாதிக்கும். மாநிலம் பணம் தருவது பிள்ளைகளின் எண்ணிக்கை, வருகை, வீட்டுமொழி, குடும்ப வருமானம், வீட்டு முகவரி இவற்றை வைத்துத்தான். அந்த விவரம் எல்லாம் நீங்கள் நிரப்பும் தாளிலிருந்துதான் போகிறது. நான் செய்த தவறுகளை நீங்கள் செய்யக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்: வீடு எந்த டிஸ்ட்ரிக்டில் இருக்கிறது?

தபால் முகவரியில் இருக்கும் ஊர்ப் பெயரை நம்பாதீர்கள். கிராமப்புறத்தில் தபால் ஒரு ஊர் பெயரில் வரும், பள்ளி எல்லை வேறு ஊரோடு போகும். சாலையின் இந்தப் பக்கம் ஒரு டிஸ்ட்ரிக்ட், அந்தப் பக்கம் இன்னொன்று. வாடகைக்கு விடும் வீட்டு உரிமையாளரே தவறாகச் சொல்லக்கூடும்.

சரிபார்க்க எளிய வழி: அந்தக் கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் போன்றது) சொத்து மதிப்பீட்டு அலுவலகத் தளத்தில், அதாவது அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் தளத்தில், வீட்டு முகவரியைத் தேடுங்கள். அந்தச் சொத்துக்கு வரி வாங்கும் அமைப்புகளின் பட்டியல் வரும். அதில் ஐ.எஸ்.டி. (இன்டிபென்டன்ட் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்) என்று முடியும் பெயர்தான் உங்கள் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட். ஐந்து நிமிட வேலை, செலவு கிடையாது.

அதே நேரத்தில் மாநிலக் கல்வித் துறையான டெக்சஸ் எஜுகேஷன் ஏஜென்சியின் தளத்தில் அந்த டிஸ்ட்ரிக்டின் ஆண்டறிக்கையையும் பாருங்கள். டி.ஏ.பி.ஆர். என்று தேடினால் கிடைக்கும். மொத்தப் பிள்ளைகள் எத்தனை, பொருளாதாரத்தில் பின்தங்கியவர்கள் எத்தனை சதவீதம், ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள் எத்தனை, ஆசிரியர்கள் வருடா வருடம் எத்தனை பேர் விட்டுப் போகிறார்கள், ஒரு பிள்ளைக்கு எவ்வளவு செலவு என்று எல்லாம் இருக்கும். நான் முதலில் பார்க்கச் சொல்வது ஆசிரியர் விட்டுப்போகும் விகிதத்தை. சிறிய பள்ளியில் ஒரு வகுப்புக்கு ஒரே ஆசிரியர்தான், அவர் நடுவில் போனால் மாற்று ஆள் கிடைக்க மாதக்கணக்காகும்.

தேர்வு முடிவின் சதவீதத்தைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். 12 பேர் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளைக்கு அன்று காய்ச்சல் என்றாலே 8 சதவீதம் இறங்கிவிடும். அட்டவணையில் சில இடங்களில் எண் இல்லாமல் நட்சத்திரக் குறி மட்டும் இருக்கும். பிள்ளைகள் மிகச் சிலரே என்றால், யார் என்று அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக எண்ணை மறைத்து வைப்பார்கள். எங்கள் பள்ளி அறிக்கையில் ஆசியர் என்ற வரியில் மூன்றாம் வகுப்புக்கு நேரே ஒரு நட்சத்திரம் இருக்கிறது. அது என் மகள்.

2. அலுவலகம் திறந்திருக்கும் நாளைத் தெரிந்துகொண்டு வாருங்கள்

நாங்கள் ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை போய் நின்றோம். கதவு பூட்டியிருந்தது. கோடையில் இங்கே பல அலுவலகங்கள் திங்கள் முதல் வியாழன் வரைதான். ஜூலையில் சில வாரம் மொத்தமாகவே மூடிவிடுவார்கள். பள்ளி திறப்பது ஆகஸ்ட் நடுவில். ஆகவே மே மாதமே தொலைபேசியில் கூப்பிட்டு, சேர்க்கை எந்த நாளில், இணையத்திலா நேரிலா என்று கேட்டு வையுங்கள்.

சிறிய டிஸ்ட்ரிக்டில் வரவேற்பில் உட்காருபவர், வருகைப் பதிவு செய்பவர், மாநிலத்துக்கு விவரம் அனுப்பும் பீம்ஸ் பணியாளர் மூவரும் ஒருவராகவே இருக்கலாம். எங்கள் பள்ளியில் அப்படித்தான். வாரம் நான்கு நாள் மட்டும் வகுப்பு நடத்தும் பள்ளிகளும் இந்தப் பக்கம் நிறைய உண்டு. வேலைக்குப் போகிறவர்கள் அதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், ஐந்தாம் நாள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு வேண்டியிருக்கும்.

3. காகிதங்கள்: பெயர், முகவரி, தடுப்பூசி

சேர்க்கைக்குக் கட்டணம் எதுவும் இல்லை. சட்டப்படி கேட்பது மூன்று: பிள்ளையின் அடையாளச் சான்று, முந்தைய பள்ளியின் பதிவுகள், தடுப்பூசி விவரம். முதல் இரண்டும் கையில் இல்லாவிட்டாலும் சேர்த்துக்கொண்டு 30 நாள் தருவார்கள். அடையாளத்துக்குப் பிறப்புச் சான்றிதழோ பாஸ்போர்ட்டோ போதும். பாஸ்போர்ட்டே வசதி, மொழிபெயர்ப்பு வேண்டாம். இவற்றோடு வீட்டு ஒப்பந்தம் அல்லது கரண்ட் பில் ஒன்று கேட்பார்கள்.

பிள்ளைக்குச் சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாவிட்டால் பயப்பட வேண்டாம். 'எஸ்' எழுத்தில் தொடங்கும் மாநில எண் ஒன்றைப் பள்ளியே கொடுக்கும். விசா என்ன, குடியுரிமை என்ன என்பதெல்லாம் சேர்க்கைக்கான தகுதியே இல்லை. எந்தக் குடியேற்ற நிலையில் இருந்தாலும் பிள்ளைக்குப் பொதுப்பள்ளியில் இடம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லிவிட்டது. அது டெக்சஸிலிருந்து போன வழக்குதான்.

இனி நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் மூன்று இடங்கள்.

பெயர். நமக்கு இனிஷியல், இங்கே குடும்பப் பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும், இந்தியப் பள்ளியின் மாற்றுச் சான்றிதழில் வெறும் இனிஷியல் இருக்கும், தடுப்பூசி அட்டையில் வீட்டில் கூப்பிடும் பெயரே இருக்கும். மூன்றையும் ஒன்றாகக் கொடுத்தால் அலுவலகத்தில் குழம்புவார்கள். மாநிலத்தில் ஒரே பிள்ளைக்கு இரண்டு பதிவு உருவாகிவிட்டால், பிறகு அதை ஒன்றாக்குவது பெரிய பாடு. முதல் நாளே பாஸ்போர்ட்டைக் காட்டி, இதில் உள்ளபடியே எழுதுங்கள் என்று சொல்லுங்கள். கூப்பிடும் பெயருக்கு வேறு கட்டம் இருக்கும், அதில் அதை எழுதிக்கொள்ளலாம்.

முகவரி. கிராமப்புறத்தில் பல வீடுகளுக்குத் தபால்காரர் வர மாட்டார், எல்லாரும் தபால் நிலையத்தில் பி.ஓ. பாக்ஸ் வைத்திருப்பார்கள். நானும் படிவத்தில் அதையே எழுதினேன். பள்ளிக்கு வேண்டியது வீடு உண்மையில் இருக்கும் இடத்தின் முகவரி. இங்கே அதை 911 முகவரி என்பார்கள், ஆம்புலன்ஸ் தேடி வரும் முகவரி. பேருந்துத் தடத்தை முடிவு செய்ய மட்டுமல்ல, பணக் கணக்குக்கும் அது வேண்டும். 2019 முதல், வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்காக மாநிலம் தரும் கூடுதல் தொகை, வீடு இருக்கும் பகுதியின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு விவரத்தைப் பார்த்து ஐந்து படிநிலைகளாக முடிவாகிறது. ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 1,400 டாலரிலிருந்து 1,700 டாலர் வரை. முகவரி தெரியாமல் எந்தப் படிநிலை என்று சொல்ல முடியாது. தபாலுக்கு பி.ஓ. பாக்ஸ், வீட்டுக்கு 911 முகவரி என்று இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

தடுப்பூசி. இந்திய அட்டையில் நாள் முதலில், மாதம் பிறகு. இங்கே மாதம்தான் முதலில். 05/07 என்பதை மே 7 என்று படித்து, ஒரு ஊசி இடைவெளி போதாமல் போட்டதாக என் மகள் விவரத்தில் குறித்துவிட்டார்கள். மாதத்தின் பெயரை எழுத்தில் போட்டு ஒரு தாளில் தட்டச்சு செய்து, மருத்துவரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். அடுத்து, நம் ஊரில் ஒன்பதாம் மாதத்தில் போடும் தட்டம்மை ஊசி இங்கே கணக்கில் வராது, முதல் பிறந்த நாளுக்குப் பிறகு போட்டதைத்தான் ஏற்பார்கள். ஹெப்படைடிஸ் ஏ, சின்னம்மை இரண்டுமே இங்கே இரண்டு தவணை கட்டாயம், அரசு மருத்துவமனையில் மட்டும் ஊசி போட்ட பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இவை விடுபட்டிருக்கும். வேண்டிய ஒவ்வொரு ஊசியிலும் முதல் தவணையாவது போட்டிருந்தால் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டு மீதியைக் காலத்தில் போடச் சொல்வார்கள். ஒரு தவணைகூட இல்லாவிட்டால் வகுப்புக்குள் விட மாட்டார்கள். காப்பீடு இல்லாத பிள்ளைகளுக்கு மாநிலத்தின் டி.வி.எஃப்.சி. திட்டத்தில் மருந்து இலவசம், ஊசி போடும் கூலி மட்டும் சிறிது ஆகும். கிராமத்தில் மருத்துவரிடம் நேரம் கிடைக்க வாரங்கள் ஆகும் என்பதால் ஜூன் மாதமே பதிவு செய்துவிடுங்கள்.

4. வீட்டுமொழிப் படிவத்தில் தமிழ் என்று எழுதுங்கள்

இந்த ஒரு பகுதியையாவது நிதானமாகப் படியுங்கள். நான் செய்ததில் பெரிய தவறு இதுதான்.

சேர்க்கைக்குத் தரும் படிவங்களில் ஒரு பக்கத் தாள் ஒன்று இருக்கும். வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள், பிள்ளை எந்த மொழி பேசுகிறது என்று கேட்கும். "தமிழ்னு எழுதிடாத, ஈ.எஸ்.எல்.-ல தள்ளிடுவாங்க, அப்புறம் பிள்ளை பின்தங்கிடும்" என்று எனக்கு இரண்டு பேர் சொன்னார்கள். ஈ.எஸ்.எல். என்பது ஆங்கிலம் தாய்மொழியல்லாத பிள்ளைகளுக்கான ஆங்கிலப் பயிற்சி. நானும் பயந்து இங்கிலீஷ் என்று எழுதிவிட்டேன். மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. வீட்டில் நாங்கள் தமிழைத் தவிர வேறு பேசியதில்லை.

இங்கிலீஷ் என்று எழுதினால் மொழித் தேர்வே வைக்க மாட்டார்கள். மகள் வகுப்பில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவள் கூச்ச சுபாவம் என்று ஆசிரியை நினைத்துக்கொண்டார். அக்டோபரில் பெற்றோர் சந்திப்பில் அவளுடைய எழுத்துத் தாளைக் காட்டினார்கள். படத்தில் இருக்கும் நாய்க்குட்டியைப் பற்றி மூன்று வாக்கியம் எழுத வேண்டும். அவள் நாய்க்குட்டியை அழகாக வண்ணம் தீட்டியிருந்தாள், கீழே கோடுகள் காலியாக இருந்தன. ஓரத்தில் மிகச் சிறியதாகத் தமிழில் 'நாய்' என்று எழுதி, அதையும் ரப்பரால் அழித்திருந்தாள். அழித்த தடம் தெரிந்தது.

படிவத்தைத் திருத்தித் தருகிறேன் என்று அன்றே கேட்டேன். சேர்ந்த நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள், அதுவும் மொழித் தேர்வு வைப்பதற்கு முன்பாக, திருத்தினால்தான் செல்லும். அந்தக் காலம் தாண்டிவிட்டது. முதலில் எழுதிய அந்தத் தாள்தான் பிள்ளை டெக்சஸில் எந்தப் பள்ளிக்கு மாறினாலும் கூடவே போகும்.

தமிழ் என்று எழுதினால் நடப்பது இதுதான். சேர்ந்த நான்கு வாரத்துக்குள் ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். எல்.பி.ஏ.சி. என்ற குழு முடிவைப் பார்த்து, உதவி தேவை என்றால் உங்களுக்குக் கடிதம் அனுப்பும். நீங்கள் சம்மதித்தால்தான் திட்டத்தில் சேர்ப்பார்கள், வேண்டாம் என்று மறுக்கவும் உரிமை உண்டு. ஒரே மொழி பேசும் பிள்ளைகள் ஒரே வகுப்பு நிலையில் 20 பேர் இருந்தால்தான் இருமொழி வகுப்பு கட்டாயம், அதனால் நம் பிள்ளைகளுக்கு ஈ.எஸ்.எல்.தான். சிறிய பள்ளியில் அதற்குத் தனி வகுப்பு கிடையாது. அதே வகுப்பறையில், அதே ஆசிரியை, அதற்கான பயிற்சி பெற்று, கூடுதலாகக் கவனிப்பார். பின்தங்க வைக்கும் ஏற்பாடு அதில் எதுவும் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை டெல்பாஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு எழுதி, ஆங்கிலம் போதுமான அளவு வந்துவிட்டால் வெளியே எடுத்துவிடுவார்கள்.

பள்ளிக்கு இதனால் வருவது, ஒவ்வொரு பிள்ளைக்கும் என்று வரும் அடிப்படைத் தொகையில் (எட்டாம் பகுதியில் விவரம்) பத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு பிள்ளைக்கு வருடத்துக்குச் சுமார் 600 டாலர். அதில் பாதிக்கு மேல் அந்தத் திட்டத்துக்கே செலவு செய்ய வேண்டும் என்பது விதி. மொத்தமே ஏழெட்டு ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள் இருக்கும் பள்ளியில், ஒருவருக்கான தொகை விடுபட்டால் அது வாங்க வேண்டிய புத்தகத்தில் தெரியும்.

அதே சேர்க்கைப் படிவங்களில் இனம் பற்றியும் இரண்டு கேள்வி வரும். முதலில் ஹிஸ்பானிக்கா, அதாவது லத்தீன் அமெரிக்க வழியினரா இல்லையா, பிறகு இனம். நமக்கு இல்லை என்பதும் ஆசியர் என்பதும்தான் விடை. அமெரிக்கன் இந்தியன் என்பது இங்குள்ள பூர்வகுடிகளைக் குறிக்கும், இந்தியன் என்ற சொல்லைப் பார்த்து அதில் டிக் அடித்துவிடாதீர்கள். காலியாக விட்டால் பள்ளிப் பணியாளர் பிள்ளையைப் பார்த்துத் தாமே ஒன்றை எழுதுவார்.

5. நான்கு வயதுப் பிள்ளை இருந்தால்: இலவச ப்ரீ-கே

ப்ரீ-கே என்பது பாலர் வகுப்புக்கும் முந்தைய வகுப்பு. செப்டம்பர் 1 அன்று பிள்ளைக்கு நான்கு வயது நிறைந்திருக்க வேண்டும். ஏழைக் குடும்பத்துக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள், எனக்கும் தொலைபேசியில் ஒருவர் அப்படியே சொன்னார். அது பாதி உண்மை. ஆங்கிலம் பேசவும் புரிந்துகொள்ளவும் தெரியாத பிள்ளைக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், மாநிலச் சட்டப்படி தகுதி உண்டு. வீட்டுமொழிப் படிவத்தில் தமிழ் என்று எழுதி, தேர்வில் அது உறுதியானால் போதும்.

இது தெரியாமல் என் மகனை நான்கு மாதம் காசு கட்டிக் காப்பகத்தில் விட்டிருந்தேன். தெரிந்த பிறகு ஜனவரியில் சேர்த்துக்கொண்டார்கள். தகுதியுள்ள 15 பிள்ளைகள் இருந்தால்தான் டிஸ்ட்ரிக்ட் இந்த வகுப்பை நடத்தியே ஆக வேண்டும், ஆனாலும் பல சிறிய டிஸ்ட்ரிக்டுகள் அந்த எண்ணிக்கை இல்லாமலே நடத்துகின்றன. வசந்த காலத்தில், மார்ச் முதல் மே வரை, பதிவு நடக்கும். அப்போதே போய்க் கேளுங்கள்.

6. சாப்பாட்டுப் படிவத்தைக் கூச்சப்படாமல் நிரப்புங்கள்

குடும்ப வருமானம் மத்திய அரசின் வறுமைக் கோட்டில் 130 சதவீதம் வரை என்றால் பிள்ளைக்குச் சாப்பாடு இலவசம், 185 சதவீதம் வரை என்றால் குறைந்த விலை. குறைந்த விலை என்பது மதியச் சாப்பாட்டுக்கு 40 சென்ட்டுக்கு மேல் போகாது. நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு 2025-26 கல்வியாண்டில் இந்த வரம்புகள் 41,795 டாலர், 59,478 டாலர். கைக்கு வரும் சம்பளத்தை எழுதக் கூடாது, பிடித்தங்களுக்கு முந்தைய மொத்தச் சம்பளத்தை எழுத வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கம் கேட்பார்கள், இல்லாதவர் இல்லை என்று டிக் அடிக்கலாம். விசா பற்றி அதில் ஒரு கேள்வியும் கிடையாது.

ஒவ்வொரு வருடமும் புதிதாக நிரப்ப வேண்டும். போன வருடத்துத் தகுதி புதுவருடத்தின் முதல் 30 பள்ளி நாள் வரைதான் ஓடும். மறந்தால் அக்டோபரில் திடீரென்று முழு விலை விழும். கொடுத்த நாளிலிருந்து பத்து வேலை நாளுக்குள் பதில் வர வேண்டும்.

சில பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்குமே சாப்பாடு இலவசம், படிவமே கேட்க மாட்டார்கள். அங்கே பொருளாதார விவரப் படிவம் என்று வேறொன்று வரும். சாப்பாடுதான் கிடைக்கிறதே, இது எதற்கு என்று பல பேர் பையிலேயே விட்டுவிடுகிறார்கள். மூன்றாம் பகுதியில் சொன்ன அந்த 1,400 முதல் 1,700 டாலர் வரும் கணக்குக்கு அந்தத் தாள்தான் ஆதாரம். வருமானம் வரம்புக்கு மேல் என்றால் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள், அதனால் எந்த நஷ்டமும் வராது.

7. அக்டோபர் கடைசி வெள்ளி

மாநிலத்துக்குப் போகும் தலைக்கணக்கு அக்டோபர் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை எடுக்கப்படுகிறது. யார் எந்தப் பிரிவில் இருக்கிறார்கள் என்பது அன்றைய நிலவரப்படிதான். ஆகவே மேலே சொன்ன தாள் எல்லாம் செப்டம்பர் நடுவுக்குள் அலுவலகத்தில் இருக்க வேண்டும். கடைசி வாரம் அந்தப் பணியாளர் இரவு வரை உட்கார்ந்து விடுபட்டதைத் துரத்திக்கொண்டிருப்பார். நான் ஒரு வருடம் அவருக்குக் கூடமாட உதவினேன். பாதி வேலை, பதில் வராத வீடுகளுக்குத் தொலைபேசி போடுவதுதான்.

8. ஒவ்வொரு நாள் வருகையும் பணம்

பல மாநிலங்களில் பெயர் பதிவாகியிருந்தால் போதும், பணம் வரும். டெக்சஸில் அப்படியில்லை, சராசரி தினசரி வருகையை வைத்துத்தான். அடிப்படைத் தொகை 2019 முதல் ஒரு பிள்ளைக்கு 6,160 டாலராக இருந்து, 2025-இல் 6,215 ஆனது. மாநிலமும் உள்ளூர்ச் சொத்து வரியும் சேர்ந்துதான் இந்தத் தொகை. 170 பள்ளி நாள் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 36 டாலருக்குச் சற்று மேல். சிறிய டிஸ்ட்ரிக்டுக்குக் கூடுதல் தொகை உண்டு என்பதால் உண்மையில் இன்னும் அதிகம். டிசம்பரில் ஊருக்குப் போய்ப் பொங்கல் முடித்து வருகிறோம் என்று இரண்டு பிள்ளைகளையும் விடுமுறைக்கு வெளியே மூன்று வாரம் நிறுத்தினால், பள்ளிக்கு ஆயிரம் டாலருக்கு மேல் குறையும்.

மிகச் சிறிய பள்ளிகளுக்கு இன்னொரு விதி: சராசரி வருகை 130-க்குக் கீழே போனாலும், 12-ஆம் வகுப்பு வரை நடத்தி, வருகை 90-க்குக் குறையாமல் இருந்தால், 130 பிள்ளைகள் இருப்பதாகவே கணக்கிட்டுப் பணம் தருவார்கள். 90-ஐ ஒட்டி நிற்கும் பள்ளியில் இரண்டு மூன்று குடும்பங்கள் வருவதும் போவதும் எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

இதில் நீங்கள் செய்ய வேண்டியவை:

வருகை எடுக்கும் நேரம் ஒன்று உண்டு. எங்கள் பள்ளியில் காலை 10 மணி. அந்த நேரத்தில் பிள்ளை வகுப்பில் இல்லாவிட்டால் அன்று முழுக்க வராததாகக் கணக்கு. உங்கள் பள்ளியில் எந்த நேரம் என்று கேட்டு வையுங்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போனால், அன்றைக்கே முன்போ பின்போ பிள்ளை கொஞ்ச நேரமாவது பள்ளியில் இருந்து, மருத்துவர் சீட்டையும் கொடுத்துவிட்டால், வந்ததாகவே கணக்கு. லபக்கில் பல் மருத்துவர் என்றால் நான் மதியத்துக்கு மேல்தான் நேரம் வாங்குவேன்.

தீபாவளிக்கு, மதப் பண்டிகை என்று முன்கூட்டியே கடிதம் எழுதிக் கொடுங்கள். விடுபட்ட பாடத்தை முடித்துவிட்டால் அதுவும் வந்ததாகவே சேரும். எங்கள் முதல்வர் அப்படி ஒரு கடிதத்தை அதற்கு முன் பார்த்ததில்லை, பண்டிகையைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போட்டார்.

ஊர்ப் பயணம் தவிர்க்க முடியாது என்றால் பள்ளி விடுமுறையோடு ஒட்டிப் போடுங்கள். காரணம் ஏற்காத விடுப்பு ஆறு மாதத்தில் பத்து நாளைத் தொட்டால் அது சட்டச் சிக்கல். தவிர, 90 சதவீத வருகை இல்லாவிட்டால், அந்த வகுப்பில் தேறியதாக எழுதுவதற்கே முதல்வர் ஒப்புக்கொண்ட திட்டப்படி பாடத்தை முடிக்க வேண்டும், இல்லையென்றால் தனிக் குழு கூடி முடிவெடுக்க வேண்டும்.

9. பிள்ளைக்குக் கற்றலில் சிரமம் என்று தோன்றினால்

வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள், எழுதிக் கொடுங்கள். எழுத்தில் கேட்டால் 15 பள்ளி நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் சம்மதம் தந்த பிறகு 45 பள்ளி நாளுக்குள் பரிசோதனையை முடிக்க வேண்டும். செலவு முழுக்கப் பள்ளியுடையது. சிறிய டிஸ்ட்ரிக்டில் பேச்சுப் பயிற்சியாளர் போன்றவர்களைப் பக்கத்து டிஸ்ட்ரிக்டுகளோடு பங்கிட்டுக்கொள்வார்கள், வாரத்தில் ஒருநாள்தான் வருவார். அதனால் சீக்கிரம் கேட்பது நல்லது.

10. போர்டு கூட்டத்துக்கு ஒருமுறையாவது போங்கள்

போர்டு என்பது டிஸ்ட்ரிக்டை நிர்வகிக்கும் குழு. ஊர்க்காரர்கள் தேர்ந்தெடுத்த ஏழு பேர், சம்பளமில்லாமல், மாதம் ஒருமுறை கூடுவார்கள். குடியுரிமை இல்லாதவர்களுக்கு ஓட்டு இல்லை, பேச இடம் உண்டு. தொடங்கும் முன் சீட்டில் பெயர் எழுதிக் கொடுத்தால் சில நிமிடம் தருவார்கள். பட்ஜெட் ஜூன் அல்லது ஆகஸ்ட் கூட்டத்தில் முடிவாகும், அதற்கு முன் பொதுமக்கள் கருத்துக் கேட்பும் உண்டு. நான் கேட்ட முதல் கேள்வி, மத்திய அரசின் கிராமப்புறச் சிறுபள்ளி நிதியை இந்த வருடம் கேட்டு விண்ணப்பித்தீர்களா என்பது. சராசரி வருகை 600-க்குக் குறைந்த கிராமப்புற டிஸ்ட்ரிக்டுகளுக்கானது அது, வருடா வருடம் விண்ணப்பித்தால்தான் கிடைக்கும். டிஸ்ட்ரிக்டின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டென்டன்ட் கோப்பைத் திறந்து காட்டினார், விண்ணப்பித்திருந்தார்கள்.

11. ஊரை விட்டுப் போகும்போது

வேலை மாறினால் சொல்லாமல் கிளம்பிவிடாதீர்கள். ஏழாம் வகுப்பிலோ அதற்கு மேலோ படிக்கும் பிள்ளை எங்கே போனது என்று பள்ளியால் காட்ட முடியாவிட்டால், படிப்பை நிறுத்தியதாகவே கணக்காகும். பத்துப் பதினைந்து பேர் படிக்கும் வகுப்பில் அந்த ஒரு எண் அறிக்கை முழுவதையும் கெடுத்துவிடும். அலுவலகத்தில் விலகல் படிவம் கேட்டு வாங்கி, எந்த ஊர், எந்தப் பள்ளி என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். இந்தியாவுக்கே திரும்புகிறீர்கள் என்றால் அதற்கென்று தனிக் குறியீடு உண்டு, உங்கள் கையெழுத்துள்ள தாள்தான் அதற்குச் சான்று. டெக்சஸுக்குள் மாறினால் புதிய பள்ளி கேட்டதும் பதிவுகள் பத்து வேலை நாளில் கணினி வழியே போய்விடும். வெளிநாட்டுக்கு அப்படிப் போகாது. மதிப்பெண் பட்டியலையும் தடுப்பூசி விவரத்தையும் முத்திரையோடு இரண்டு பிரதி கையில் வாங்கிக்கொள்ளுங்கள். நூலகப் புத்தகங்களையும் கணினியையும் திருப்பிக் கொடுத்து, சாப்பாட்டுக் கணக்கில் மீதி இருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள்.